படகில் ஏறாத குதிரைகள்

ஜூன் 4

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் வில்வீரர்களில் பாதிப் பேரைப் பாலத்தடியில் வெட்டிப் போட்டுவிட்டு, "பாவம், தண்ணீர் குடிக்க வந்தார்கள் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயமும் வந்துவிட்டது. நீ நன்றாக விளையாடினால், இவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்திருக்கிறானே என்று பயம். மோசமாக விளையாடினால், கவனம் எங்கே போயிற்று என்று பயம். என் பிழைப்பு இப்படி ஓடுகிறது.

முதலில் அம்மா. அழைப்புமணி அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறதா? இடது பக்கம் வை. வாக்கரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்து. அதை எட்டிப் பிடிக்கப்போய் இன்னொரு முறை விழுந்தால் அந்த இடுப்பு தாங்காது.

இங்கே திரும்பிய பக்கமெல்லாம் 'கோட்டை மூன்று' வீடியோ கேம் விளம்பரம். பேருந்து நிறுத்தத்தில், மேம்பாலத் தூணில், எங்கள் மருத்துவமனைக்கு எதிரே உள்ள கடைக் கண்ணாடி முழுக்க. பற்றி எரிகிற ஒரு கோட்டைவாசல், அதன் கீழே "மீண்டும் வா" என்று இரண்டே சொல். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னைத்தான்.

இரண்டாம் பாகம் வந்தபோது என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது தினமும் நடந்துகொண்டிருக்கிறது. அம்மா குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். நீ அடுத்த அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எவனுடைய கோட்டையையோ இடித்துக்கொண்டிருந்தாய். எதிர்வீட்டுத் தையற்காரம்மா ஏதோ முனகல் கேட்கிறதே என்று வந்து கதவைத் தட்டியதால் அம்மா பிழைத்தாள். நான் காது பரிசோதிக்கிறவள். ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். காதை மூடிய ஹெட்போன் எவ்வளவு சத்தத்தை விழுங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை மன்னிக்க முடிந்தது. காதில் விழவில்லை என்பது ஒரு காரணம். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியும்.

உன் ஆட்டப் பழக்கத்துக்குப் பார்க்கிற நம் டாக்டர், "பழைய கோட்டை மட்டும், அதுவும் அக்காவோட, தாள்ல, ஒரு கடிதத்துக்கு ஒரு சுற்று" என்று சொன்னபோது, முழுக்க நிறுத்தச் சொல்லாமல் இப்படிச் சொல்கிறாரே என்று பதறினேன். இப்போது கொஞ்சம் புரிகிறது. போனில் பேசினால் எடுத்த எடுப்பில் நாம் கத்த ஆரம்பிக்கிறோம். கடிதத்தில் கத்துவது சிரமம்.

இன்னொன்றும் புரிகிறது. முதல் பாகத்தில் எதிரி யோசிக்கும்போது திரை அப்படியே உறைந்து நிற்குமே, நினைவிருக்கிறதா? நமக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்த இடைவெளியில்தான் நாம் சாப்பிட்டோம், வீட்டுப்பாடம் எழுதினோம், அம்மா கூப்பிட்டால் "என்னம்மா" என்றோம். இரண்டாம் பாகத்தில் நம் எரிச்சலையெல்லாம் கேட்டுத் திருத்திக்கொடுத்தார்கள். காத்திருப்பது போயிற்று. எழுந்து போவதற்கு இருந்த வாசல்களையெல்லாம் அடைத்துவிட்டு, "பார், எவ்வளவு வசதி" என்றார்கள். மூன்றாம் பாகத்தில் இன்னும் எதை எடுத்திருப்பார்களோ. 

என் சுற்று: மிஞ்சிய வில்வீரர்கள் மேட்டுக்குப் பின்வாங்கட்டும். குதிரைப்படை அசைய வேண்டாம். ஆற்றங்கரையில் இரண்டு படகு கட்டு.

மணியை இடது பக்கம் வைத்துவிட்டு எனக்கு எழுது.

அக்கா


ஜூன் 13

அக்கா,

மணி இடது பக்கம்தான். வாக்கர் கட்டிலோடு ஒட்டித்தான். அம்மா என்னோடுதான். இந்த மூன்றையும் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் குத்தி அனுப்பிவிடலாம்.

விளம்பரம் இங்கேயும் இருக்கிறது. நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. கடைக்குச் சுற்றிக்கொண்டு போகிறேன். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது இல்லையா.

நான் உதவிக்குப் போகிற ரிப்பேர் கடையில் பழைய கேம் கன்சோல்கள் வந்து குவிகின்றன. புதியது எது வந்தாலும் பழையதைத் தேடுகிற கூட்டம் ஒன்று கிளம்பும் என்று முதலாளி சொன்னது சரிதான். நேற்று ஒரு வங்கி அதிகாரி வந்தார். டை கட்டியிருந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து பூஞ்சை பிடித்த கன்சோலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, டாக்டரிடம் குழந்தையைக் காட்டுகிறவர்போல நின்றார்.

"கேசட்ட ஊதி ஊதிப் போட்டுப் பாத்தேங்க. வரல."

"ஊதாதீங்க சார். உங்க எச்சில்தான் உள்ள துருவா இருக்கு."

"எல்லாரும் ஊதினோமே தம்பி."

"எல்லாரோட எச்சிலும்தான் சார் இங்க வருது."

சிரித்துவிட்டார். சுத்தம் செய்து, மின்தேக்கி ஒன்றை மாற்றி ஓட்டிக் காட்டினேன். திரையில் கார் ஒன்று கோணல்மாணலாக ஓடியது. கொஞ்ச நேரம் ஓட்டினார், முட்டினார், அணைத்தார், பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதற்காகத்தான் அக்கா எனக்குப் பழையதைப் பிடித்திருக்கிறது. பழைய கன்சோலுக்கு நான் இருக்கிறேனா செத்தேனா என்று தெரியாது. அணைத்தால் அணைந்துவிடும். "உன் கோட்டையைத் தாக்குகிறார்கள், உடனே வா" என்று செய்தி அனுப்பாது. இரண்டாம் பாகம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாளில் அம்மா கூப்பிட்டதைவிட அது அதிகம் கூப்பிட்டது.

இப்போது முக்கியமான விஷயம். ஸ்கேன் கருவிகள் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதலாளிதான் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். இரண்டு மாதம் அவர்கள் விடுதியிலேயே தங்கிப் பயிற்சி. அப்போது போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். ரிப்பேர் கடையை விட்டால், இரண்டு வருடத்தில் என்னை நம்பி ஒருவர் கொடுக்கிற முதல் வேலை.

அந்த இரண்டு மாதம் அம்மா உன்னிடம் இருக்க முடியுமா? நீ மருத்துவமனைக்குப் போகிற நேரத்துக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். மாலையிலும் விடுமுறை நாளிலும் நீ. குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து எழுது. வாக்கர் நுழைய வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "அவ வீட்ல பேச ஆள் கிடையாது, சுவத்தப் பாத்துட்டு உக்காரணும்" என்றாள். அப்புறம், "சரி, சுவரு உன்ன மாதிரி எதுத்துப் பேசாது" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் படகுகள் கட்டியாயிற்று. நான் என் கிழக்கு வாசலில் அகழி வெட்டியிருக்கிறேன். பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, கொப்புளமா?" என்றாள். அது உன் மேடு.

உன் உத்தரவுக்குக் காத்திருக்கும் எதிரி


ஜூன் 27

தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபப்படாதே. வேலை அதிகம். இதைச் சாப்பாட்டு நேரத்தில், பரிசோதனை அறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கதவை மூடினால் வெளிச்சத்தம் துளியும் வராத அறை. மற்றவர்களுக்கு மூச்சுமுட்டும். எனக்கு இங்கேதான் தலை கொஞ்சம் ஓய்கிறது.

வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதிவிடலாம். ஆனால் உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. முதலில் வந்தது பயம்தான். விடுதியில் உன்னோடு தங்கப்போகிறவர்கள் யார்? அந்த வயசுப் பையன்கள் எல்லோர் கையிலும் மூன்றாம் பாகம் இருக்கும். மாலையில் கூடி உட்கார்ந்து ஆடுவார்கள். "அண்ணே, ஒரு சுத்து வாங்க" என்பார்கள். நீ சுற்றுவழியாகப் போக அங்கே வேறு தெரு இருக்காது.

அம்மாவை வைத்துக்கொள்கிறேன். நான் மகள்தானே, கேட்க வேண்டுமா. சின்ன வீடு, ஆனால் போதும். அவள் கட்டிலை ஹாலிலேயே போட்டுவிடலாம். இல்லை, உள்ளறையில் போடுவது நல்லது. ஹாலில் டிவி இருக்கிறது, அவளுக்குத் தொந்தரவு. யோசித்து எழுதுகிறேன்.

இன்று ஒரு பெரியவர் வந்தார். வீட்டில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மனைவி அழைத்து வந்திருந்தார். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பார்த்தால் காது முத்துப்போல இருக்கிறது. சொன்னேன். அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அத்தன நாளும் கேட்டுச்சா?" என்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

தலைவலி. கண் எரிகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்போல.

என் சுற்று: குதிரைப்படையைப் படகில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில், உன் அகழிக்குப் பின்னால் இறக்கு. வில்வீரர்கள் மேட்டிலேயே இருக்கட்டும். பயந்துபோ.

அக்கா


ஜூலை 3

அக்கா,

குதிரை படகில் ஏறாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். படகில் காலாட்கள் மட்டும்தான் ஏறலாம், குதிரை என்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதனால்தான் பாலத்துக்கு இத்தனை சண்டை என்று பள்ளிக்கூட நோட்டில் படம் போட்டுக் காட்டினாய். நீ கோட்டை ஆடுகிற காலத்தில் எனக்கு ரிமோட்டைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. நீ மறக்கிற விஷயம் இல்லை இது.

இரண்டாம் பாகத்திலும் ஏறாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடிதத்தைத் திரும்பப் படித்தேன். குளியலறைக் கதவை நீ அளக்கவில்லை. மணியைப் பற்றிக் கேட்கவில்லை. நீ மணியைப் பற்றிக் கேட்காத முதல் கடிதம் இது.

அக்கா, மூன்று எப்படி இருக்கிறது?

 பதில் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. குதிரை ஏறினால் படகு தாழுமா, ஒரு படகுக்கு எத்தனை ஏறும், நடு ஆற்றில் அம்பு விட்டால் மிரளுமா. இதெல்லாம் என் தலைக்குள் தானாக ஓடுகிறது. நீ எழுதியது ஒரே ஒரு வரி. எழுந்து போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன். "என்னடா, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

தயவுசெய்து, அந்தக் கேள்விக்கு நான் கேட்ட மாதிரி பதில் எழுதாதே. ஆட்டத்தைப் பற்றி இல்லை, உன்னைப் பற்றி எழுது.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

என்ன துணிச்சல் உனக்கு.

ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஏதோ எழுதினேன். அதற்கு ஒரு விசாரணையா? பெரிய போலீஸ்காரர். என் கடிதத்தில் எது இருக்கிறது எது இல்லை என்று சலித்துப் பார்க்கிற அளவுக்கு உனக்கு நேரம் எங்கிருந்து வருகிறது?

நானும் உன்னை ஒன்று கேட்கிறேன். மூன்றாம் பாகத்தில் குதிரை படகில் ஏறும் என்று உனக்கு எப்படித் தெரியும்? சுற்றுவழியாகப் போகிறவனுக்கு, அந்தத் தெருப்பக்கமே போகாதவனுக்கு, எப்படித் தெரியும்? கடையில் யாராவது கொண்டுவந்து கொடுத்தார்களா? ஓட்டிப் பார்த்தாயா? அம்மா எங்கே இருந்தாள் அப்போது?

நான் சம்பாதிக்கிறவள். காலையில் நேரத்துக்கு எழுந்து வேலைக்குப் போகிறவள். என்னால் யாருக்கும் எலும்பு முறிந்ததில்லை. இந்த வயதில் ஒருத்தி வேலை முடிந்து வந்து தனக்குப் பிடித்த ஒன்றைக் கொஞ்ச நேரம் செய்தால், அதற்கு நீ வைக்கிற பெயர் வேறு. எல்லோரும் உன்னைப் போலவா?

எழுதியதை அடிக்கப் போனேன். அப்படியே இருக்கட்டும்.

கதவு அகலத்தை அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். சுற்று எதுவும் இல்லை.

அக்கா


ஜூலை 15

அக்கா,

எனக்குத் தெரியாது. நீ இப்போது சொல்லித்தான் தெரியும்.

முதல் பாகத்திலும் இரண்டாம் பாகத்திலும் ஏறாது என்று மட்டும்தான் நான் எழுதியிருந்தேன். மூன்றில் ஏறுமோ என்று யோசித்தேன், ஏறும் என்று எழுதவில்லை. எடுத்துப் பார்.

ஜெயித்த சந்தோஷம் இல்லை.  இத்தனை மாதமும் நான் சரியாக இருந்ததற்குக் காரணம் டாக்டர் இல்லை. நீ அங்கே உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கிறாய் என்பதுதான். கை அரிக்கும்போதெல்லாம், அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஆழம் தெரியவில்லை.

"கொஞ்ச நேரம்" என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் சொல்வேன். பொய்யென்று நினைத்துச் சொன்னதில்லை, உண்மையிலேயே கொஞ்ச நேரமாகத்தான் தெரியும். கடிகாரத்தைத் தப்பாகப் படிக்கிற வியாதி அது. ஆட்டம் பிடித்துப்போய்த்தான் ஆடுகிறேன் என்று நினைத்திருந்தேன். கடைசி மாதங்களில் எனக்கு அது பிடிக்கக்கூட இல்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஆடினேன். நிறுத்தினால் அறையில் நான் மட்டும்தானே இருப்பேன்.

உனக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு துணியை உள்ளே வைக்கிறாள், வெளியே எடுக்கிறாள். கம்பெனிக்கு வருகிறேன் என்று இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை. நீ சொல்.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

அம்மாவை என்னிடம் கொண்டுவராதே.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அன்று மதியம் துணி துவைக்க வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டு, அது நிறைவதற்குள் ஒரு சுற்று என்று ஹாலில் உட்கார்ந்தேன். ஹெட்போன் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. நான் உன்னைப் போல் இல்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள.

வாளி நிறைகிற சத்தம் உனக்குத் தெரியும். அடியில் கனமாக ஆரம்பித்து, மேலே வர வர மெலிந்துகொண்டே போகும். அது விளிம்புக்கு வந்ததைக் கேட்டேன். வழிய ஆரம்பித்ததைக் கேட்டேன். தரையில் பரவியதைக் கேட்டேன். "இதோ வரேன்" என்று தண்ணீரிடம் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன், தம்பி. சொல்லிவிட்டு என் படகுகளை நகர்த்தினேன்.

கதவை யாரோ இடித்தார்கள். அதையும் கேட்டேன். அப்புறம்தான் எழுந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வெளியே கீழ்வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார். பேருந்து ஓட்டுகிறவர், சீருடையோடே வந்திருந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். படிக்கட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உள்ள ஆள் இருக்கீங்களா, இல்ல மிதந்து போயிட்டீங்களா? எவ்வளவு நேரமாத் தட்டறேன்!"

"சாரிங்க, கேக்கல" என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலே டிவியைப் பார்த்தார். சத்தம் குறைவாகத்தான் வைத்திருந்தேன். என் காதைப் பார்த்தார். காதில் ஒன்றுமில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தார். இரண்டு பேரும் மாலை வரை தண்ணீரைத் தள்ளினோம். நடுவில் ஒரே ஒரு முறை, "உங்களுக்குக் காதுல வேலைன்னு சொன்னாங்களே, ஆஸ்பத்திரில?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ராத்திரி படுத்தபோது ஒரு விஷயம் மனதுக்குள் வந்தது. உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எழுதக்கூட ஆரம்பித்தேன். கிழித்துவிட்டேன். கேட்கப் போவதில்லை. ஹெட்போன் என்று இத்தனை நாள் நம்பினேன் இல்லையா, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் தண்ணீர் இருந்த இடத்தில் அம்மா இருந்திருந்தால் என்று என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான் "இதோ வரேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். அன்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

நீ வேலைக்குப் போ. அம்மாவுக்கு வேறு ஏற்பாடு செய். தையற்காரம்மாவைக் கேள், நான் போன் செய்து பேசுகிறேன். என்னிடம் மட்டும் வேண்டாம்.

குளியலறைக் கதவு இரண்டரை அடி. அளந்துவிட்டேன்.

அக்கா


ஜூலை 25

அக்கா,

தையற்காரம்மா மகள் பிரசவத்துக்குப் போகிறார். வேறு ஆள் இல்லை. கம்பெனியில் தேதி தள்ளிப்போடக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். நான் போகவில்லை என்று முடிவு செய்து அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குதிரை, படகு, வாளி, எல்லாம். அவள் பாதி நேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

"நான் போறேன் அவகிட்ட."

"அவ சரியில்லம்மா இப்போ."

"நீ மட்டும் சரியா இருந்தியா? உன்கூட இருந்தேன்ல?"

"இருந்துதான் இடுப்ப ஒடச்சுக்கிட்ட."

"ஒடஞ்சதுக்கு அப்புறமும் இருந்தேன்டா. அது தெரியலயா உனக்கு?"

 அப்புறம் அவளே, "பயமாத்தான் இருக்கு. பயந்தா என்ன பண்றது, வேற பிள்ளை பெத்துக்க முடியுமா இனிமே?" என்றாள். சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஆக, முப்பதாம் தேதி அழைத்து வருகிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் இது அவள் உடம்பு, அவள் முடிவு.

நான் வருவதற்குள் நீ ஒன்று செய். அந்தக் கன்சோலைத் தூக்கி எறியாதே. நான் பல தடவை எறிந்தேன். எறிந்த ஒவ்வொரு தடவையும் குப்பைத்தொட்டிவரை போய் எடுத்து வந்தேன். அந்தக் கீழ்வீட்டம்மாவிடம் கொண்டுபோய்க் கொடு. "எனக்கு இது ஆகாது, நான் வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று சொல். உன்னை அந்தக் கோலத்தில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பார்த்தவரிடம்தான் கொடுக்க முடியும்.

ஹெட்போனைப் பற்றி நீ கேட்காமல் விட்டதற்கு நன்றி. அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

விடுதி முகவரியில் நான் எழுதுகிற முதல் கடிதம். உன் அறையில் எத்தனை பேர், மாலையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத்தான் நினைக்கிறேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எழுது.

கன்சோலைக் கீழ்வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று நீ இங்கே இருந்தபோதே சொன்னேன். நீ சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் அதை மடித்துவைத்த போர்வைக்கடியில் வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு இது பாட்டில்ல இருந்துச்சு" என்றார். ஒரு டீ கொடுத்தார்.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். பகலில் வருகிற பெண்ணை அதட்டி வேலை வாங்குகிறாள். கட்டிலை ஹாலில்தான் போட்டேன். ஆனால் ஒன்று எழுத வேண்டும். அவள் என்னைக் கூப்பிடுகிறாள். நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம். அடுப்படியில் இருந்தால் கூப்பிடுகிறாள், துணி காயப்போட்டால் கூப்பிடுகிறாள். ஓடிப்போனால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்கிறாள். முதலில் எரிச்சலாக வந்தது. நாலைந்து நாள் கழித்துத்தான் புரிந்தது. மணியை அவள் தொடுவதே இல்லை. குரலில்தான் கூப்பிடுகிறாள். நான் எவ்வளவு நேரத்தில் வருகிறேன் என்று பார்க்கிறாள். உன்னையும் இப்படித்தான் கூப்பிட்டாளா? இந்த இரண்டு வருடமும்? நீ ஏன் எழுதவில்லை?

நான் பயந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. பயத்தோடு படுத்திருந்தவள் அவள்.

நேற்று விடுமுறை. பகல் பெண்ணுக்கும் விடுப்பு. மதியம் சாப்பாடானதும் அம்மா படுத்துவிட்டாள். கண்ணை மூடியிருந்தாள். நான் உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. வீடு அப்படியொரு அமைதி. எங்கள் பரிசோதனை அறையைப் போல. உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, நிறுத்தினால் அறையில் நான் மட்டும்தானே இருப்பேன் என்று. அதேதான். கை சும்மா இருக்கவில்லை. அவள் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாள், கீழே போய்விட்டு உடனே வந்துவிடலாம், ஏதோ ஒரு ஒயர் வேண்டும் என்று அவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது. தோன்றியபோது நான் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தேன்.

வாசலுக்குப் போக வேண்டுமென்றால் ஹாலைத்தான் கடக்க வேண்டும். அம்மாவின் கட்டிலைத் தாண்டும்போது, பழக்கதோஷம், நின்று குனிந்து பார்த்தேன். மூச்சு வருகிறதா என்று.

அவள் கண் திறந்திருந்தது.

"வந்துட்டியா? கூப்பிடாமலே வருவியான்னு பாத்தேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வந்தேன் என்பது உண்மைதான், நான் வந்துதான் நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பார்வை கீழே போனது. நான் உள்ளறையிலேயே வெளிச்செருப்பை மாட்டியிருந்தேன்.

அவள் கையை விடவில்லை. சாயங்காலம் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சீக்கிரம் எழுது.

அக்கா